தலைகீழ் மரை

பிப்ரவரி 21

அன்புள்ள நட்டுவுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த ஆஸ்பத்திரிக்கு நீ வரும்போது யாராவது உன்னிடம், "உங்கப்பாவை எந்த லாரிம்மா இடிச்சுது?" என்று கேட்டால், பெரிய லாரி என்று சொல்லிவிடு. நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். எடைமேடையில் இருபத்திரண்டு வருஷம் லாரிகளை நிறுத்தி எடை போட்டவனை ஒரு லாரி இடித்தது என்றால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. முலாம் பட்டறையிலிருந்து புதுக் குரோமோடு வந்த சைக்கிள் பிரேமை ஆணியில் மாட்ட முக்காலிமேல் ஏறினான், அந்தப் பளபளப்பில் தன் மூஞ்சி சுரைக்காய் மாதிரி நீண்டு தெரிவதைப் பார்த்தான், சரி, தலையையாவது வாரிக்கொள்வோம் என்று சட்டைப்பையில் சீப்பைத் தேடினான், விழுந்தான் என்றால் என்ன மரியாதை? தொடை எலும்பு உடைந்தது பரவாயில்லை. சீப்பு உடையாமல் என் கையிலேயே இருந்ததுதான் அவமானம்.

இப்போது என் காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் ஒரு சக்கரத்தில் ஓட்டி, ஏழு கிலோ இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊர் எடையெல்லாம் பார்த்தவனுக்கு இது சரியான தண்டனை. பன்னிரண்டு வாரமாம். புரண்டு படுக்க முடியாது. ஜன்னல் என் தலைக்குப் பின்னால் இருக்கிறது. மழையா வெயிலா என்று எதிர்க்கட்டில்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புது வேலைக்கு அந்த வண்டி வேண்டும். நான் வந்து பாகம் பாகமாகப் பூட்டித் தருகிறேன் என்றால் நாள் தாண்டிவிடும். கடையில் கொடுக்காதே. விடியற்காலையில் பதினான்கு கிலோமீட்டர் போகப் போகிறவள் நீ. அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. வண்டியைத் தானே பூட்டியவளுக்குத்தான் வழியில் கழன்றால் மாட்டத் தெரியும். சாமான்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் இருக்கின்றன. நான் இங்கிருந்து எழுதுகிறேன், நீ அங்கே செய். இங்கே இருக்கும் ஒரே போனுக்கும் நர்ஸம்மா பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார், அதனால் கடிதம்தான்.

பிரேமின் அடியில் குட்டையாக ஒரு குழாய் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒவ்வொரு கப் திருகி ஏற வேண்டும். முலாம் போட்டவன் மரைக்குள்ளும் போட்டிருப்பான், மரை தடித்திருக்கும். எண்ணெய் விட்டு, கால் சுற்று ஏற்று, கால் சுற்று இறக்கு. அவசரப்பட்டால் மரை போய்விடும். நம் வீட்டில் மரை கழன்ற ஆள் ஒருவர் போதும்.

முக்கியம்: செயின் ஓடும் பக்கம், அதாவது வலப்பக்கக் கப், தலைகீழ் மரை. உலகத்தில் எல்லாத் திருகும் வலமாகச் சுற்றினால் இறுகும். அது இடமாகச் சுற்றினால்தான் இறுகும்.

உன் அப்பா


பிப்ரவரி 28

அப்பா,

லாரி பெரியது என்றே சொல்கிறேன். ஆனால் இங்கே அத்தை மூன்று தெருவுக்கும் சீப்பு விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். "என் தம்பிக்கு ஐம்பத்தாறு வயசுல அழகு வந்துடுச்சு" என்கிறாள்.

கப் இரண்டும் ஏறிவிட்டன. வலப்பக்கத்தை முதலில் எல்லாத் திருகையும் போலத்தான் சுற்றிப் பார்த்தேன். நீங்கள் மாற்றி எழுதிவிட்டீர்களோ என்று சந்தேகம். பிடிக்கவே இல்லை. இடமாகச் சுற்றினேன், காத்திருந்தது மாதிரி பிடித்தது. இரண்டு சாயங்காலம் ஆயிற்று. உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

அறையில் இடம் இல்லை. கட்டிலில் பிரேம் படுத்திருக்கிறது, தரையில் நான். படியில் கிரீஸ் கறை என்று அத்தைக்குக் கோபம். ஆறு மணி ஆனால் கேட்டைப் பூட்டச் சொல்லிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். நீங்கள் வண்டியைப் பூட்டு என்கிறீர்கள், அத்தை கேட்டைப் பூட்டு என்கிறாள். இந்த வீட்டில் எல்லோரும் எனக்குச் சொல்வது ஒரே வார்த்தைதான்.

இன்றைக்கு நானூற்று அறுபது பொத்தான். ஆறு வருஷமாக அத்தை கூலிக்கு வாங்கிவரும் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து, கண்ணை மூடினால் நாலு ஓட்டை தெரிகிறது.

கண்ணாடிப் பட்டறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் 2, வியாழக்கிழமை, காலை ஆறு மணி. மணி அடிக்கும்போது வாசலில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்களாம். முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான். மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிற பிரிவு. மூன்று மாதம் கழித்துப் பக்கத்திலேயே விடுதியில் இடம் தருவார்களாம். கேட்டை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டுமே என்று அத்தையிடம் கேட்டேன். "முதல்ல வண்டி ஓடட்டும். அப்புறம் சாவியைப் பத்திப் பேசலாம்" என்றாள்.

தட்டெழுத்து வகுப்புக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றீர்கள். சொல்லிக் காட்டவில்லை. தேதியை நினைவுபடுத்துகிறேன், அவ்வளவுதான்.

மகள்


மார்ச் 7

அன்புள்ள நட்டுவுக்கு,

கப் ஏறிய செய்தியை வார்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பேக்கரிக்காரர் இருக்கிறார். இரண்டு மணிக்கட்டும் உடைந்து, கைகளை எதிரே நீட்டியபடியே படுத்திருக்கிறார், யாரோ தட்டு கொண்டுவந்து தருவார்கள் என்பது மாதிரி. இருபது வருஷம் சைக்கிளில் ரொட்டி போட்டவர். "பொண்ணுக்குக் கை நல்லா இருக்கு எடைக்காரரே" என்றார். அவர் மனைவிக்குக் கடிதம் எழுதித் தருவதும் நான்தான். அந்த அம்மாள் பதிலில், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, உங்களுக்கு எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறார். மனிதர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இனி சக்கரம். கொஞ்சம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, இரண்டு பக்கமும் சம இடைவெளி இருக்கும்படி நட்டை இறுக்கு. பிறகு பெடல் மாட்டுகிற கை மாதிரியான கிராங்க் இரண்டும், வலப்பக்கத்துக் கிராங்கில் பல்சக்கரம் சேர்ந்தே இருக்கும். அதன்மேல் செயின். மேலே தூக்கினால் ஒரு விரல் அளவு ஆட வேண்டும். ரொம்ப இறுக்கினால் வண்டி அழும், ரொம்பத் தளர்ந்தால் கழன்றுகொள்ளும். சீட் குழாய் முலாம் தடிப்பால் இறங்காது, உப்புத்தாளால் தேய். வெளியே தேய்த்துவிடாதே, பட்டறைக்காரன் உயிரை விட்டுவிடுவான்.

டாக்டர் வந்தார். எலும்பு கூடுகிறதாம். படிக்கட்டு பற்றி ஏதோ சொன்னார். ஒரு வருஷம் என்றார், கூடவே ஆள் என்றார். அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் தும்மிவிட்டார், சரியாகக் காதில் விழவில்லை.

கூரையில் பதினெட்டுக் கம்பிகள் இருக்கின்றன. தினமும் எண்ணுகிறேன். நேற்றுப் பதினேழுதான் வந்தது, பாதி நாள் கவலையாகப் போயிற்று.

அந்த விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா? சும்மாதான் கேட்டேன்.

உன் அப்பா


மார்ச் 14

அப்பா,

அறைக்கு நாலு பேர். ஞாயிறு விடுவார்கள்.

சக்கரம், செயின், கிராங்க், சீட், ஹேண்டில் பார் எல்லாம் ஆயிற்று. செயின் ஒரு விரல் ஆடுகிறது. நேற்று மத்தியானம் அத்தை தூங்கும்போது வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். ரொம்ப நேரம் சுற்றியது. எதிரே சுவர். ஹேண்டில் பாரில் இந்த அறை முழுக்கத் தெரிகிறது, கதவு, கட்டில், பொத்தான் டப்பா, எல்லாம் வளைந்து ஒரு கைப்பிடிக்குள். இறங்கிவிட்டேன்.

பெடல் மட்டும் பாக்கி. அச்சின் முனையில் ஒன்றில் L, இன்னொன்றில் R என்று பொறித்திருக்கிறது. L என்றால் இடது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கப் விஷயத்திலும் நான் நினைத்தது தப்பாகப் போயிற்று. ஒன்றில் மரை தலைகீழாக ஓடுகிறது, அது தெரிகிறது. எது எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எழுதிய பிறகு போடுகிறேன்.

இன்னும் பத்தொன்பது நாள்.

மகள்


மார்ச் 19

அன்புள்ள நட்டுவுக்கு,

கேட்டுச் செய்கிறாயே, அதுதான் புத்திசாலித்தனம். பல பேர் கேட்க மாட்டார்கள். நானே கேட்க மாட்டேன்.

கப்புக்கு வலப்பக்கம் தலைகீழ் மரை என்று சொன்னேன் இல்லையா? அதே விதிதான் பெடலுக்கும். இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்த சாமான்கள், ஒரே குடும்பம். ஆகவே தலைகீழாக ஓடுகிற பெடலை வலப்பக்கக் கிராங்கில் போடு. L, R எழுத்தைப் பார்த்துக் குழம்பாதே. அதைப் பொறித்தவன் வண்டிக்கு எதிரே நின்று பொறித்தவன். எதிரே நிற்கிறவனின் இடது, ஓட்டுகிறவளின் வலது. போட்டோவில் பார்த்திருக்கிறாயே, அது மாதிரி.

முலாம் தடிப்பால் ஏறுவதற்கு அடம் பிடிக்கும். அதற்குப் பயந்துவிடாதே. நட்டுத் திருகும் பானாவின் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டு, உன் முழுப் பலத்தோடு அழுத்து.

வேறு விசேஷம் இல்லை. இங்கே இன்றைக்கு மழை. எதிர்க்கட்டில்காரர் முகம் அப்படிச் சொல்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். அவசரம் ஒன்றும் இல்லை. அவசரம் இல்லை என்றால், பொறுமையாகச் செய் என்று அர்த்தம்.

உன் அப்பா


மார்ச் 26

அப்பா,

வலப்பக்கக் கிராங்க் போய்விட்டது.

நீங்கள் சொன்னபடி குழாய் செருகி அழுத்தினேன். இரண்டு சுற்று முனகிக்கொண்டே ஏறியது. மூன்றாவதில் லேசாகிவிட்டது. ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஏறவில்லை, ஓட்டைக்குள் மரை சுருள் சுருளாக உதிர்ந்திருக்கிறது. பெடலில் இரண்டு இழை நசுங்கியிருக்கிறது.

கழற்றி எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். L என்றால் இடதுதானாம். இடது பெடலில்தான் தலைகீழ் மரையாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்றார். "எந்த மரமண்டைம்மா உனக்குச் சொன்னது?" என்று கேட்டார். யார் என்று நான் சொல்லவில்லை.

பல்சக்கரத்தோடு சேர்த்து வேறு கிராங்க் வர வேண்டும். இந்த அளவு இப்போது கையிருப்பில் இல்லை, பத்து நாள் ஆகும் என்கிறார். ஏப்ரல் 5 அல்லது 6.

நான்கு நாள் தள்ளி வரலாமா என்று பட்டறைக்கு எழுதிப் போட்டேன். அவர்கள் பதில் போடுகிற ஆட்கள் இல்லை. அத்தை கிராங்கை ஒரு முறை பார்த்தாள். அறுபது சட்டை கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தாள்.

வருத்தப்படாதீர்கள் அப்பா. கண்ணால் பார்க்காமல், மல்லாந்து படுத்துக்கொண்டு, நினைவிலிருந்து எழுதுகிறீர்கள். யாருக்கும் இடது வலது மாறிப்போகும்.

மகள்


மார்ச் 31

நட்டு,

பேக்கரிக்காரருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். இன்று வீட்டுக்குப் போகிறார். அவர் பஸ் நம் தெரு வழியாகத்தான் போகும். தபாலில் போட்டால் உனக்கு 3-ஆம் தேதிதான் கிடைக்கும், அதனால் அவர் கையில் தருகிறேன்.

நாளைக் காலையில் எடைமேடைக்குப் போ. என் மேசையில் எடைச் சீட்டுகள் பறக்காமல் இருக்க ஒரு பாரம் வைத்திருக்கிறேன். அது என் பழைய வண்டியின் வலப்பக்கக் கிராங்க், பல்சக்கரத்தோடு. அதே அளவு. மரை நன்றாக இருக்கிறது. அங்கே இருக்கும் என் கூட்டாளியிடம் நான் எழுதியதைக் காட்டு, இல்லையென்றால் தர மாட்டான். அவனும் அதைத்தான் பாரமாக வைத்துக்கொண்டிருப்பான். அதற்குப் பதில் ஒரு செங்கல் கொண்டுபோய்க் கொடு.

L இடது. R வலது. இரும்பில் எழுதியிருப்பதை நம்பு. நான் எழுதியதை நம்பாதே. கையால் முடிகிற மட்டும் கையாலேயே திருகு, கடைசியில்தான் பானா. சரியான பக்கம் என்றால் பலமே வேண்டாம்.

அதிக தூரம் ஓட்டிப் பார்க்க நேரம் இருக்காது. தெருமுனை வரை போய்விட்டு வந்து எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்கு.

அப்பா


ஏப்ரல் 5, ஞாயிறு

அப்பா,

ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வாசலில் இருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியைப் படியில் இறக்கிக் கீழே நிறுத்தினேன். அத்தை வந்து சுற்றிப் பார்த்தாள். பெல்லை ஒரு முறை அடித்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். "தொலைச்சுடாதே, ஒண்ணுதான் இருக்கு" என்றாள். வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வழி முழுக்க எதிர்க்காற்று. நசுங்கிய இழையால் இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்கிறது. பதினான்கு கிலோமீட்டருக்கு எத்தனை டக் என்று எண்ண ஆரம்பித்துப் பாலத்துக்குமேல் மறந்துபோயிற்று.

வில்லை தேய்க்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஊறி வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருக்கிற அக்கா பேசுவதே இல்லை, ஆனால் நான் தேய்த்ததை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் தட்டிலேயே வைத்தாள். அவள் எல்லோருடையதையும் கீழே போட்டுவிடுவாளாம்.

பேக்கரிக்காரர் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார். "உங்கப்பாவுக்குச் சைக்கிள் நல்லாத் தெரியும்மா" என்றார். நாலு படி இறங்கினார். திரும்பி வந்து, "நல்லாத் தெரியும்" என்று இன்னொரு முறை சொன்னார். எதற்கு இரண்டு முறை சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். படிக்கட்டு பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று நானே கேட்டுக்கொள்கிறேன். பேக்கரிக்காரருக்குத் தும்மலே வராதாம்.

மகள்


ஏப்ரல் 13

அன்புள்ள நட்டுவுக்கு,

நேற்று நீ வந்துவிட்டுப் போன பிறகு எதிர்க்கட்டில்காரர், "லாரி பத்திக் கேட்டதுக்கு உங்க பொண்ணு சிரிச்சுதே, ஏன்?" என்றார். பெரிய லாரி என்று சொல்லும்போது முகத்தையும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஒரு மணி நேரம் எவ்வளவோ பேசினோம். செயினுக்கு எண்ணெய், மட்கார்டு ஆட்டம், பாலத்துக்குமேல் காற்று. உன் கையைப் பார்த்தேன். நகத்தில் கிரீஸ், விரல் எல்லாம் சுருங்கி. ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். நீ எழுந்து எட்டிப் பார்த்து, "ஒரு சுவர்ப்பா, அதுல ஒரு குழாய்" என்றாய். இரண்டு மாதமாக என் முதுகுக்குப் பின்னால் என்னவோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். போர்வையைச் சரி செய்தாய். ஒரு வருஷத்துக்கு நான் மாடிப்படி ஏறி இறங்கக் கூடவே ஆள் வேண்டும். எல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டது. மணி அடித்து, எல்லோரும் எழுந்த பிறகுதான் கேட்டாய்.

"ஏம்ப்பா, நிஜமாவே மறந்துட்டீங்களா?"

"வயசாச்சு இல்ல" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போனாய்.

மறக்கவில்லை. பெடல் பற்றி உனக்கு எழுதிய கடிதத்தைப் பேக்கரிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். வழக்கம் ஆகிவிட்டதால் படித்துவிட்டேன், படித்திருக்கக் கூடாது. "இடது பெடல்தானே தலைகீழ், மாத்தி எழுதிட்டீங்களே" என்றார். திருத்துகிறேன் என்று பேனாவை எடுத்தேன். உறையை ஒட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கை சரியாக இருந்திருந்தால் பிடுங்கிக் கிழித்திருப்பார். பன்னிரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை, அது கையெழுத்து விஷயத்துக்காக இல்லை. என் மேசையில் கிராங்க் கிடப்பதும் எனக்கு அன்றைக்கே தெரியும். நீ கடைக்காரரிடம் என் பெயரைச் சொல்லாமல் வந்தாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படிக்கிற வரைக்கும் எனக்கு அது நினைவுக்கு வர மறுத்தது.

இத்தனை வேலை எதற்கு என்று நீ கேட்கலாம். விதி, ஒரே குடும்பம், போட்டோ, எதிரே நிற்கிறவனின் இடது. இரண்டு பக்கம் எழுதி, ஒரு கிராங்கைக் கெடுத்து, உன் உள்ளங்கையையும் கெடுத்தேன். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது மூன்றே எழுத்து. அதைச் சொன்னால் நீ கேட்பாய். ஆறு வருஷமாக நான் சொன்னதை எல்லாம் கேட்டவள் நீ. பெடலைக் கெடுத்தால் யாராவது சரிசெய்துவிடலாம், அந்த வார்த்தையைச் சொன்னால் யாரும் சரிசெய்ய முடியாது. அப்படி யோசித்துத்தான் செய்தேன் என்று எழுதினால் நல்லவனாகத் தெரிவேன். அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் மூன்று வாரம் இந்த இரும்பு தொங்கும். அதற்குப் பிறகு படி. அதை நானும் உன் அத்தையும் ஏதாவது செய்துகொள்கிறோம். அவளுக்கு என்னைத் திட்ட ஆள் வேண்டும், எனக்குப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். விடுதியில் இடம் தந்தால் ஜன்னல் பக்கக் கட்டிலைக் கேட்டு வாங்கு. டக் சத்தத்துக்கு அந்த இடது பெடலைக் கழற்றி, நசுங்கிய இழையை மெல்லிய அரத்தால் தேய். கழற்றும்போது வலமாகச் சுற்று. இதை நம்பலாம்.

நேற்று நீ வார்டுக் கதவு வரைக்கும் போய், ஒரு முறை திரும்பிப் பார்த்தாய். நான் கையை ஆட்டினேன். பார்த்துப் போ என்று நான் சொன்னதாக நீ நினைத்திருப்பாய். வாய் அசைந்தது உண்மைதான். சத்தம் வராமல் அது சொன்னது, போகாதே.

அப்பா